கற்றாழை எதற்கு, முந்திரிப்பழம் இருக்க?

நடிகர் ஜார்ஜ் குளூனி நண்பர்களோடு 2013இல் தொடங்கிய 'காசாமிகோஸ்' டெக்கீலாவை, நான்கே ஆண்டுகளில் டியாஜியோ நிறுவனம் 100 கோடி டாலர் வரை பேசி வாங்கியது. மெக்சிகோவின் கற்றாழை மதுவுக்கு உலகெங்கும் இன்று அப்படியொரு மவுசு. பெரம்பலூர் மானாவாரிக் காடுகளின் வேலியோரத்திலும் ஆனைக்கற்றாழை நிற்கிறதே, இங்கேயே ஓர் உயர்ரகச் சரக்கு வடித்தால் என்ன என்று ஒருவர் கேட்டால் அதை வெறும் கனவென்று தள்ள முடியாது. ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் டெஸ்மண்ட் நாசரேத் தக்காணத்துக் கற்றாழையை வடித்து, 2011இல் 'டெஸ்மண்ட்ஜி' என்ற பெயரில் சந்தைக்கே கொண்டுவந்துவிட்டார். செடி வளரும், மது வரும். விவசாயிக்கு என்ன வரும் என்பதுதான் கேள்வி.

டெக்கீலா வடிக்கும் நீலக் கற்றாழை முற்ற ஆறேழு ஆண்டுகள் ஆகும். பூக்க விடாமல் வெட்டி, மடல்களைச் செதுக்கி, நடுத்தண்டை வேகவைத்துத்தான் சாறெடுக்கிறார்கள். வெட்டினால் செடியின் கதை முடிந்தது. சில ஆண்டுகளுக்கு முன் கிலோ 30 பெசோ வரை விற்றதைப் பார்த்து மெக்சிகோ விவசாயிகள் போட்டி போட்டு நட்டார்கள். பயிர் முற்றி வந்த 2024இல் விலை ஒற்றை இலக்கத்தில் கிடந்தது. சின்ன வெங்காயம் சில மாதங்களில் விலை சரிந்தாலே கடனில் விழும் பெரம்பலூர்க்காரர், ஆறு ஆண்டு காத்திருந்து அப்படியொரு அடியைத் தாங்குவாரா? போதாக்குறைக்கு, டெக்கீலா என்ற ஊர்ப்பெயரை 1974 முதலே மெக்சிகோ சட்டத்தால் காத்துவருகிறது. நாம் எவ்வளவு நன்றாக வடித்தாலும் 'அதைப் போன்ற ஒன்று' என்றுதான் விற்க வேண்டியிருக்கும்.

ஊர்ப்பெயரே சரக்கின் விலையாகும் அந்த வித்தையைத்தான் நாம் படிக்க வேண்டும். அதற்கான பயிர் பக்கத்து அரியலூர் மாவட்டத்தில் காய்த்துக் கொட்டுகிறது. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பக்கம் கோடையில் முந்திரித் தோப்புக்குள் போனால் புளித்த வாடை அடிக்கும். கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே போட்டுவிடுகிறார்கள். கொட்டையைவிடப் பல மடங்கு எடையுள்ள பழம், ஆடு மாடு தின்றது போக அழுகுகிறது. இதே பழத்தைக் கோவாவில் மிதித்துப் பிழிந்து, புளிக்கவைத்து, இருமுறை வடித்துப் பெனி ஆக்குகிறார்கள். 2009இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2016இல் கோவா அரசு அதைப் பாரம்பரிய பானமாக அறிவித்தது. முந்திரியும் போர்ச்சுக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம்தானே என்று கேட்கலாம். உண்மைதான், மிளகாயும் அப்படி வந்ததுதான். அரியலூர் விவசாயிக்குப் புதிதாக நட ஒன்றுமில்லை, காத்திருக்க ஆண்டுகளும் இல்லை, கொட்டையின் வருமானமும் குறையாது. கற்றாழைக்கு இந்த மூன்றும் கிடையாது.

மது கெடுத்த குடும்பங்கள் போதாதா என்ற எதிர்ப்பை லேசாகத் தாண்டிப் போக முடியாது. பெரம்பலூருக்கு அருகிலுள்ள கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மதுவிலக்கை நோக்கிச் செல்லுமாறு அரசியலமைப்பின் 47ஆவது பிரிவும் அரசுக்குச் சொல்கிறது. ஆனால் அந்தப் பிரிவை வைத்துக்கொண்டேதான் டாஸ்மாக் ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் அரசுக்கு ஈட்டித் தருகிறது. அங்கே பெரும்பாலும் விற்பது கரும்பாலைக் கழிவுப் பாகிலிருந்து எடுத்த எரிசாராயத்தில் நிறமும் மணமும் சேர்த்த சரக்கு. எலைட் கடையில் வெளிநாட்டுப் புட்டிகளுக்கும் இடமுண்டு. விவசாயியின் கள்ளுக்கு மட்டும் 1987 முதல் தடை. குடியைக் குறைப்பதுதான் நோக்கமென்றால் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. விலை அதிகமாக, அளவு குறைவாக, ஆய்வகச் சான்றோடு வரும் ஒரு பழமது கூலித் தொழிலாளியின் தினக்குடியாக மாறாது. அது கள்ளச்சாராயத்தை ஒழித்துவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். அது காவல்துறையின் வேலை.

உயர்ரகம் என்ற பெயரில் லாபம் முழுவதும் புட்டியில் அடைக்கும் நிறுவனத்துக்கே போய்விடும் என்ற சந்தேகம் இதைவிட நியாயமானது. மெக்சிகோவில் நடந்ததும் அதுதான். கேரளம் வேறொரு வழியைக் காட்டியிருக்கிறது: கண்ணூர் மாவட்டத்தின் பய்யாவூர் கூட்டுறவு வங்கிக்கு 2022இல் பெனி தயாரிக்க அந்த அரசு இசைவு தந்தது. உரிமம் விவசாயிகளின் கூட்டுறவுக்கே என்றால் பெயரும் அவர்களுடையதாக இருக்கும்.

பழச்சாறாகவே விற்கலாமே என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. தொண்டையைக் கரகரக்கவைக்கும் துவர்ப்பை நீக்கி, விரைவில் புளித்துப்போகும் சாறைப் பதப்படுத்த வேண்டும். செலவு பிடிக்கும், முடியாததல்ல. சாறோ மதுவோ, பழம் விழுந்த அன்றே பிழிய ஆண்டிமடம் பக்கம் ஓர் ஆலை வேண்டும். அந்த ஆலையை அடுத்த பருவத்துக்குள் கட்டிவிட்டு, வடிப்பதற்கான உரிமத்தைப் பிறகு வாதாடிப் பெறலாம்.