எழுதுமுன் பேச விடுங்கள்

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் மாதத்தில் தொடக்கநிலை 6 மாணவர்கள் தாய்மொழி வாய்மொழித் தேர்வுக்குச் செல்கிறார்கள். செப்டம்பர் இறுதியில் தொடங்கும் எழுத்துத் தேர்வுகளில் அதே மாணவர்கள் கட்டுரை எழுதுகிறார்கள். பிஎஸ்எல்இ தமிழ்த் தேர்வின் மொத்த மதிப்பெண் 200. அதில் வாய்மொழிக்கு 50, கட்டுரைக்கு 40. வாய்மொழிக்கான 50 மதிப்பெண்ணில் 30, ஒரு சிறு காணொளியைப் பார்த்துவிட்டு அதைப் பற்றித் தேர்வாளருடன் உரையாடுவதற்கு உரியது.

இந்த உரையாடல் மாணவரிடம் என்ன கேட்கிறது? கண்ட காட்சியை விவரிக்க வேண்டும். அதில் உள்ளவர்கள் ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். தன் அனுபவத்தோடு இணைத்து ஒரு கருத்தை முன்வைக்க வேண்டும். படக்கட்டுரை கேட்பதும் ஏறக்குறைய இவற்றைத்தான். ஆனாலும் பல மாணவர்களுக்கு இவை இரண்டும் வெவ்வேறு பாடங்களைப் போலவே தோன்றுகின்றன. வாய்மொழிக்கு ஒரு பயிற்சித்தாள், கட்டுரைக்கு ஒரு பயிற்சித்தாள். ஒன்றில் பேசியதை மற்றொன்றில் எழுதலாம் என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை. தொடக்கநிலை மாணவர்களின் தமிழ் எழுத்து மேம்பட வேண்டுமென்றால் முதலில் இந்தச் சுவரை உடைக்க வேண்டும் என்பது என் கருத்து.

மனப்பாடம் ஏன் வெல்கிறது?

இங்கு தமிழ் படித்து வளர்ந்த எவருக்கும் அந்தத் தொடக்க வரிகள் தெரிந்திருக்கும். கதிரவன் கதிர்களைப் பரப்புவான், பறவைகள் இசை பாடும், கதையின் நாயகன் துள்ளிக் குதித்துப் பள்ளிக்குப் புறப்படுவான். படத்தில் இருப்பது சாலை விபத்தாக இருந்தாலும் சரி, காணாமல்போன பணப்பையாக இருந்தாலும் சரி, முதல் பத்தி மாறாது.

இதற்காக ஆசிரியர்களையோ பெற்றோர்களையோ குறைசொல்வது நியாயமாகாது. கட்டுரைத் தாளுக்குக் கிடைப்பது 50 நிமிடம். வீட்டில் தமிழ் அதிகம் பேசாத ஒரு பிள்ளை அந்த நேரத்துக்குள் சொல், எழுத்துப்பிழை, இலக்கணம், கதை எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் சுமக்க வேண்டியிருக்கிறது. மனப்பாடம் செய்த பத்தி அந்தச் சுமையில் ஒரு பகுதியை இறக்கிவைக்கிறது. குறுகிய காலத்தில் அது பயன் தருகிறது என்பதை மறுக்க முடியாது.

அதன் விலை பின்னர்தான் தெரியவருகிறது. உயர்நிலைப் பள்ளியில் கருத்து சார்ந்த கட்டுரை எழுத வேண்டிய கட்டத்தில், கடன் வாங்கிய வரிகள் கைகொடுப்பதில்லை. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. தமிழில் எழுதுவது என்றால் தான் நினைத்ததை எழுதுவது அன்று, பிறர் எழுதியதைத் திருப்பி எழுதுவது என்ற எண்ணம் பன்னிரண்டு வயதிலேயே மனத்தில் பதிந்துவிடுகிறது.

ஆய்வுகள் சொல்வது

எழுதுவது மூன்று வேலைகளைக் கொண்டது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் லிண்டா ஃபிளவரும் ஜான் ஹேய்ஸும் 1981ல் விளக்கினர்: திட்டமிடுதல், எண்ணத்தைச் சொற்களாக்குதல், எழுதியதைத் திரும்பப் பார்த்தல். இவை ஒன்றன்பின் ஒன்றாக வருவதில்லை. எழுதுபவர் இவற்றுக்கிடையே முன்னும் பின்னும் போய்வருகிறார். தொடக்கநிலைப் பிள்ளைகளில் பெரும்பாலோர் நடுவில் உள்ள ஒரு வேலையை மட்டுமே செய்கிறார்கள். 1987ல் கார்ல் பெரைட்டரும் மார்லின் ஸ்கார்டமாலியாவும் இதைத் தெளிவாக வேறுபடுத்திக் காட்டினர். இளம் எழுத்தாளர் மனத்தில் அடுத்து வருவதை அப்படியே எழுதிக்கொண்டு போகிறார். தேர்ந்த எழுத்தாளர், தான் சொல்ல வருவதையே எழுதும்போது சீர்தூக்கி மாற்றிக்கொள்கிறார்.

எந்தப் பயிற்சி அதிகம் உதவுகிறது என்பதற்கும் விடை இருக்கிறது. ஸ்டீவ் கிரகாமும் டோலரஸ் பெரினும் 2007ல், 4 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். இத்தகைய தொகுப்பாய்வுகளில் ஒரு பயிற்சியின் பலனை ஓர் எண்ணால் குறிப்பார்கள், பொதுவாக 0.2 சிறிய பலன், 0.5 நடுத்தரம், 0.8 பெரிய பலன். திட்டமிடுவது, திருத்துவது ஆகியவற்றுக்கான உத்திகளை வெளிப்படையாகக் கற்பித்தபோது பலன் 0.82. மாணவர்கள் சேர்ந்து எழுதியபோது 0.75. எழுதுமுன் குறிப்பெடுக்க, கருத்து வரைபடம் வரைய வைத்தபோது 0.32. தனித்த இலக்கணப் பயிற்சியின் பலனோ பூஜ்யத்துக்கும் கீழே இருந்தது.

தொடக்கப்பள்ளி மாணவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு கிரகாமும் மற்றவர்களும் 2012ல் வெளியிட்ட ஆய்விலும் உத்தி கற்பித்தலுக்கே முதலிடம். அதன் பலன் 1.02. மாணவர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்வது 0.89. எழுதுமுன் செய்யும் தயாரிப்பு 0.54.

இந்த எண்களில் ஒரு முக்கியமான பாடம் இருக்கிறது. மனவரைபடத் தாளை நகலெடுத்துக் கையில் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது. கட்டங்களை நிரப்புவது ஒரு வேலை. அந்தக் கட்டங்களுக்கு எப்படி யோசித்து வருவது என்பது வேறொரு வேலை. இரண்டாவதைத்தான் கற்பிக்க வேண்டும். அதற்கு ஆசிரியர் தன் யோசனையை உரக்கச் சொல்லிக் காட்ட வேண்டும், பிறகு மாணவர்களோடு சேர்ந்து செய்ய வேண்டும், அதன் பிறகே அவர்களைத் தனியே விட வேண்டும்.

தமிழுக்கு உள்ள கூடுதல் படி

இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆங்கிலம் பேசும் சூழலில் நடந்தவை. அவற்றை அப்படியே தமிழ் வகுப்பறைக்குள் கொண்டுவர முடியாது. ஆங்கிலத்தில் ஒரு பிள்ளை பேசியதை ஏறக்குறைய அப்படியே எழுதிவிடலாம். தமிழில் அது முடியாது. நாம் பேசுவது ஒரு தமிழ், எழுதுவது இன்னொரு தமிழ்.

சிங்கப்பூரில் இதற்கு மேல் இன்னொரு தடையும் உண்டு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம். 2010ல் அது 32.3 விழுக்காடு. தமிழை அதிகம் பேசுவோர் 3.3 விழுக்காட்டிலிருந்து 2.5 விழுக்காட்டுக்குக் குறைந்தனர். ஆக, பல பிள்ளைகளின் எண்ணம் ஆங்கிலத்தில் பிறந்து, பேச்சுத்தமிழ் வழியாக நடந்து, எழுத்துத்தமிழுக்கு வந்து சேர வேண்டும். நடுவில் உள்ள பேச்சுத்தமிழை விட்டுவிட்டு நேராகத் தாவச் சொன்னால், பிள்ளை மனப்பாட வரிகளைப் பிடித்துக்கொள்வதில் வியப்பில்லை.

வார இறுதியில் நான் தொண்டூழியராக உதவும் துணைப்பாட வகுப்பில் இதைப் பல முறை பார்க்கிறேன். ஒரு படத்தொடரில், வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு முதியவரின் பை கிழிந்து ஆரஞ்சுப் பழங்கள் சிதறுகின்றன. பள்ளிச் சீருடையில் ஒரு சிறுவன் நிற்கிறான். ஒரு மாணவி முதலில் எழுதியது இவ்வளவுதான்: “முதியவரின் பை கிழிந்தது. சிறுவன் உதவி செய்தான். முதியவர் நன்றி கூறினார்.” பிழையில்லை, ஆனால் கதையும் இல்லை.

எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பேசச் சொன்னேன். “அக்கா, அந்தப் பையன் பாவம். அவனோட பஸ் வந்திருச்சு. போனா தாத்தா தனியா பொறுக்கணும், போகலைனா ஸ்கூலுக்கு லேட். டீச்சர் ஏசுவாங்க,” என்றாள். படத்தில் பேருந்தே இல்லை. அவளுடைய சொந்தக் காலைப்பொழுதிலிருந்து வந்த பேருந்து அது. ஒரு கதைக்கு வேண்டிய சிக்கல் அதனோடு சேர்ந்து வந்துவிட்டது.

அதன் பிறகு செய்தது எளிய வேலை. “வந்திருச்சு” என்பதை எப்படி எழுதுவோம்? “வந்துவிட்டது.” “பொறுக்கணும்?” “பொறுக்க வேண்டும்.” “லேட்டுக்கு?” பக்கத்தில் இருந்த மாணவன் “தாமதம்” என்றான். இருவரும் சேர்ந்து ஐந்தாறு சொற்களைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டனர். அவள் அடுத்து எழுதிய பத்தியில் கதிரவனும் இல்லை, பறவைகளும் இல்லை. பேருந்தையும் தாத்தாவையும் மாறி மாறிப் பார்க்கும் ஒரு சிறுவன் இருந்தான்.

ஒரே ஒரு மாணவியின் ஒரு பத்தியை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனால் சொல்வதற்கு அவளிடம் விஷயம் இருந்தது என்பதும், அதை வெளியே கொண்டுவந்தது பேச்சு என்பதும் தெளிவு.

எழும் கேள்விகள்

இதற்கு நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் தொடக்கநிலை 1, 2 மாணவர்களுக்கு 2019 முதல் தேர்வுகள் இல்லை. மற்ற நிலைகளிலும் அரையாண்டுத் தேர்வுகள் 2023க்குள் நீக்கப்பட்டன. அப்படிக் கிடைத்த நேரத்தில் ஒரு பகுதியையாவது பேச்சுக்கு ஒதுக்கலாம். தேர்வு அறையிலும் இப்பழக்கம் வீணாகாது. பல முறை வாய்விட்டுத் திட்டமிட்ட பிள்ளை, 50 நிமிடத்தில் முதல் ஏழெட்டு நிமிடங்களை மனத்துக்குள் பேசிப் பார்க்கப் பயன்படுத்தும். யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, அவர் என்ன முடிவெடுக்கிறார், அதனால் என்ன ஆகிறது என்ற நான்கு கேள்விகளே போதும்.

பேசவிட்டால் பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள் என்ற அச்சமும் உண்டு. சில நிமிடங்களுக்கு மாறட்டுமே. ஓர் எண்ணம் முதலில் எந்த மொழியில் வருகிறது என்பதைவிட, அது தமிழ்த் தாளில் வந்து சேர்கிறதா என்பதே முக்கியம். பேச்சுத்தமிழை வகுப்பறையில் பயன்படுத்துவது பற்றி 2005ஆம் ஆண்டின் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வும் பேசியது. தாய்மொழிகளை உரையாடலுக்குரிய வாழும் மொழிகளாக்க வேண்டும் என்று 2010ல் அமைந்த தாய்மொழிகள் மறுஆய்வுக் குழு வலியுறுத்தியது. கொள்கை அளவில் கதவு திறந்தே இருக்கிறது. எழுத்துப் பாடத்துக்குள் பேச்சைக் கொண்டுவருவதுதான் மிச்சம்.

பேசினால் எழுத்திலும் பேச்சுவழக்கு புகுந்துவிடாதா என்பது மூன்றாவது கேள்வி. பேச்சோடு நிறுத்திவிட்டால் நிச்சயம் புகும். அதனால்தான் பேச்சுத்தமிழை எழுத்துத்தமிழாக மாற்றும் படியைத் தனியாக, வெளிப்படையாகச் செய்ய வேண்டும் என்கிறேன். அந்தப் படியில் இலக்கணத்துக்கும் ஒரு பொருள் கிடைக்கிறது. தான் சொல்ல விரும்பிய வாக்கியத்துக்காகக் கற்கும் விகுதி, பயிற்சித்தாளின் கோடிட்ட இடத்துக்காகக் கற்கும் விகுதியைவிட நன்றாக நினைவில் நிற்கும்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் தம்பி தங்கைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவர்களாக இருக்கலாம்; சிலர் துணைப்பாட வகுப்பும் நடத்தலாம். அடுத்த முறை ஒரு படக்கட்டுரையோடு அவர்கள் வந்து அமரும்போது, மாதிரிக் கட்டுரைப் புத்தகத்தைச் சற்று ஒதுக்கிவையுங்கள். பத்து நிமிடம் அந்தப் படத்தைப் பற்றிக் கேளுங்கள். அவர்கள் சொல்வதைத் திருத்தாமல் கேட்டு, பிறகு சேர்ந்து உட்கார்ந்து எழுத்துத்தமிழுக்கு மாற்றுங்கள். பள்ளிகளும் வாய்மொழிப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் அதே காணொளியை அடுத்த நாள் கட்டுரைப் பாடத்துக்கும் பயன்படுத்திப் பார்க்கலாம். அதற்குப் புதிய பாடநூலோ கூடுதல் நிதியோ தேவைப்படாது.