விசை யார் கையில்?

செயற்கை அறிவு யந்திரங்களைப் பற்றி இந்நாளில் இருவகைப் பேச்சுக் கேட்கிறோம். "எல்லாம் விதி, யந்திரம் என்ன செய்யுமோ, யார் தடுப்பர்?" என்பது ஒன்று. விதியின் பெயரால் நம்மவர் ஏமாந்தது போதாதோ? அதனை விடுவோம். "கணித அறிஞர் கடிவாளம் கண்டுவிட்டனர், கவலை வேண்டா" என்பது மற்றொன்று. இது படித்தவர் பேச்சு. ஆகையால் இதனையே ஆராய்தல் வேண்டும்.

ஒருவர் பெறும் ஆதாயம் பிறர் செய்வதையும் பொறுத்திருக்குமிடத்து, யார் எதைத் தேர்வர் என்று கணக்கிடுவது ஆட்டக் கோட்பாடு. வான் நியூமனும் மார்கன்ஸ்டெர்னும் 1944-இல் இதற்கு நூல் செய்தனர். 2017-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து ஸ்டூவர்ட் ரஸ்ஸல் முதலிய நால்வர், இதனைக் கொண்டு ஒரு வினாவை ஆராய்ந்தனர்: தன்னை நிறுத்தும் விசையை யந்திரம் மனிதனிடம் விட்டுவைக்குமா? மனிதன் விரும்புவது இன்னதென்பதில் யந்திரத்துக்கு ஐயம் இருக்கும்வரை, விட்டுவைப்பதே அதற்கு ஆதாயம். அவன் நிறுத்தினால், தான் செய்யவிருந்தது தீதென்று அது அறிந்துகொள்ளும். "எனக்கு எல்லாம் தெரியும்" என்று உறுதிகொண்ட யந்திரத்துக்கோ அடங்குவதற்குக் காரணமே இல்லை. (மடாதிபதிகளுக்கும் இது பொருந்தும்!) மெச்சத்தக்க ஆராய்ச்சி, நாம் குறை கூறோம்.

ஆனால், அக்கணக்கில் ஆட்டக்காரர் எத்தனை பேர்? இருவர். ஒரு யந்திரம், ஒரு மனிதன். அந்த ஒரு மனிதன் முதலாளியா, தொழிலாளியா? கணக்குச் சொல்லாது. முதலாளியின் விருப்பத்தை ஒன்றொன்றாய்க் கேட்டறிந்து பணிவோடு முடிக்கும் யந்திரம், அக்கணக்கின்படி நல்ல யந்திரமே. பெரட்டுக்கு வந்த ஆட்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குக் காசு கொடுத்த காலம் தோட்டங்களில் உண்டு. அவன் தலையை எண்ணினான், காய்ச்சலை எண்ணினானா? துரைக்கு அவனும் பணிவானவன்தான்.

இன்று சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுசெல்லும் தோழருக்கு, எந்த வேலை, என்ன கூலி என்று பங்கிடுவது யந்திரக் கணக்கே. விசை அவர் கையில் உண்டா? அவர் தனியே ஒரு வேலையை மறுத்தால் அவருக்குத்தான் நட்டம். யந்திரம் அதனை அடுத்தவருக்கு அனுப்பிவிடும். எல்லோரும் சேர்ந்து மறுத்தாலோ ஆட்டமே வேறு. இதுவும் ஆட்டக் கோட்பாடே. கடிவாளம் பேசும் பெரியோர் இப்பக்கத்தை மட்டும் புரட்டுவதில்லை!

சிங்கப்பூரில் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள சட்டம், இத்தகைய தொழிலாளர் சங்கமாய்ச் சேர்ந்து பேச இடம் தந்திருக்கிறது. கூலியைப் பற்றிப் பேசும்போதே, அக்கூலியைப் பங்கிடும் யந்திரத்துக்குள் யாருடைய ஆதாயம் எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் அச்சங்கங்கள் கேட்கட்டும்.