பழைய மண்டி முதியோர் இல்லமாகும் முன்

நம் கடைவீதியில் பல வருடங்களாகப் பூட்டிக் கிடக்கும் மிளகாய் மண்டியை ஆதரவற்ற முதியோருக்கான இல்லமாக்க அதன் உரிமையாளர் மனமுவந்து தந்திருக்கிறார். பழுது பார்க்கும் செலவை நம் சங்கம் ஏற்பதாகத் தீர்மானமும் ஆகிவிட்டது. மகமை எடுத்துத் தருமம் செய்த மரபு நம்முடையது. விருதுநகர் வியாபாரிகளின் மகமைப் பணத்தில் 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலையில்தான் பின்னாளில் காமராஜர் படித்தார். ஆனால் நன்கொடை எழுதிய அன்பர்கள் பலர் முதலில் கேட்பது முகப்பு வளைவைப் பற்றியும், கிரானைட் பலகையில் பெயர் எந்த வரியில் வரும் என்பதைப் பற்றியுமே. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாமே என்கிறார்கள் சிலர். வேண்டாம். அந்தக் கனத்த சுவரும் உயர்ந்த தளமும் சித்திரை வெயிலில் தரும் குளிர்ச்சியை இன்றைய கட்டடம் தராது. கட்டடம் நல்லதுதான், ஆனால் அது மூட்டைக்காகக் கட்டியது. மூட்டைக்குக் கக்கூஸ் வேண்டாம், ஜன்னல் வேண்டாம். திருட்டுப் பயத்தை நினைத்தால் ஒரே வாசல் இருப்பதுதான் நல்லது. மனிதருக்கு அப்படியா? 2004 ஜூலை 16-இல் கும்பகோணம் பள்ளியில் தீப்பிடித்து 94 குழந்தைகள் மாண்டதை யாரும் மறந்திருக்க முடியாது. மாடியில் இருந்த பிள்ளைகளால் இறங்கித் தப்ப வழியில்லாமல் போயிற்று. நம் மண்டிக்கும் மாடி உண்டு. மரப்படி ஒன்றே ஒன்று. கைத்தடி ஊன்றி நடப்பவர்கள் அதில் எப்படி இறங்குவார்கள்?

தளம் மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரங்களின் மேல் சிறு செங்கல்லைக் குத்தி அடுக்கிச் சுண்ணாம்பில் பிடித்த வேலை. நடுவில் பார்த்தால் உத்தரம் இரும்பு போல இருக்கும். சுவருக்குள் நுழையும் முனையில்தான் ஈரம் தங்கி மக்கும். ஒவ்வொரு முனையையும் திறந்து பார்க்காமல் மேலே தண்ணீர் டேங்க் வைக்கக் கூடாது. பின்கட்டில் முன்பு உப்பு அடுக்கியிருந்தார்கள். உப்புக் குடித்த சுவரின் மேல் சிமெண்ட் பூசினால் இரண்டு மழைக்காலம் தாங்காது, பொரிந்து உதிரும். பழைய பூச்சைச் சுரண்டி, சுவரைக் காயவிட்டு, சுண்ணாம்பே பூச வேண்டும். அதற்குச் சில மாதம் ஆகும். தைப்பூசத்துக்குள் திறப்பு விழா என்று நாள் குறிப்பவர்கள் இதைக் கொத்தனாரிடம் கேட்டுக்கொள்ளட்டும். தரை இடுக்கிலும் மரச் சந்திலும் இருக்கும் மிளகாய்த் தூசி வேறு. மண்டிக்காரர் தும்மி விட்டுப் போவோம். ஆஸ்துமாக்காரர் என்ன செய்வார்?

இவற்றையெல்லாம் விட எனக்குப் பெரிய கவலை அடுத்த கட்டடம். பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்றும் தானியக் கிடங்குதான். வண்டு விழாமல் இருக்க வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயுவாக மாறுகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த வாயு சுவர் விரிசல் வழியே பக்கத்து அறைக்குப் போய்த் தூங்கியவர்களைக் கொன்ற செய்திகள் வந்திருக்கின்றன. பயிற்சி பெற்றவர் மேற்பார்வை இல்லாமல் அதைக் கையாளக் கூடாது என்பது விதி. நம் கிடங்குகளில் எப்படி நடக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அது நம் தொழில் கொண்டு வரும் ஆபத்து. கட்டடக்காரருக்கோ தொண்டு நிறுவனத்தாருக்கோ தெரிய வராது. பக்கத்துக் கிடங்கில் இனி மருந்து வைப்பதில்லை என்று எழுத்தில் வாங்கிய பிறகே ஒரு கட்டிலையும் உள்ளே போட வேண்டும். அவர் சம்மதிக்காவிட்டால் இந்த இடமே வேண்டாம் என்பேன்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வருமான வரியில் நன்கொடைக் கழிவு எதிர்பார்ப்பவர்கள், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது என்பதை நினைவில் வைக்கவும். சிமெண்ட், டைல்ஸ் என்று பொருளாகக் கொடுத்தாலும் கிடையாது. கடையில் விற்காமல் நின்ற டைல்ஸைத் தள்ளிவிட இது இடமல்ல என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: வழவழப்பான தரையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் முதியவர் மீண்டும் எழுந்து நடப்பது அரிது.

முகப்புக்கும் பலகைக்கும் ஒதுக்கிய தொகையை இரண்டாவது படிக்கட்டுக்கும், புது வயரிங்கிற்கும், கைப்பிடி வைத்த கழிப்பறைகளுக்கும் மாற்ற வேண்டும் என்று வரும் பொதுக்குழுவில் கேட்கப் போகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். படிக்கட்டு பின்பக்கச் சந்தில்தான் இறங்க முடியும். அந்தச் சந்தில் இப்போது நம் உறுப்பினர்களின் காலி டின்களும் சாக்குகளும் ஆள் உயரத்துக்குக் கிடக்கின்றன. யாருடையவை என்று அவரவருக்குத் தெரியும். பொதுக்குழுவுக்கு முன்பே எடுத்துவிட்டால் கொத்தனார் அளவெடுக்க வசதியாக இருக்கும்.