ஊர் எதிர்பார்ப்பும் நம் சம்பளக் கணக்கும்

தீபாவளிக்கு முந்தைய வாரம் காதர்பேட்டைக்குள் போய்ப் பாருங்கள். பனியன் கம்பெனித் தோழர்கள் பையும் கையுமாகக் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். அம்மாவுக்கு நைட்டி, தங்கை பிள்ளைகளுக்கு டிராயர், மச்சானுக்கு டி-சர்ட். தனக்கு ஒன்றுமில்லை. எடுப்பதும் பெரும்பாலும் செகண்ட்ஸ். ஏற்றுமதிக்குத் தைத்த அதே கைகள், கழித்துப் போட்டதைப் பேரம் பேசி வாங்குகின்றன!

“திருப்பூரில் இருக்கிறான், அவனுக்கென்ன?” என்பது ஊர்ப் பேச்சு. அதற்குப் பயந்தே போனஸ் முழுவதும் பஸ் ஏறுமுன் கரைகிறது. போனஸ்தான் எவ்வளவு? சட்டம் வைத்த குறைந்த அளவு 8.33 சதம், பன்னிரண்டு மாத உழைப்புக்கு ஒரு மாதக் கூலி. (அதையும் கொடுக்காத கம்பெனிகள் உண்டு, அது தனிக் கதை.) மீதிக்கு வட்டிக் கடன்.

ஊராரைத் திட்டிப் பயனில்லை. எதிர்பார்ப்பவர் யார்? மழை பொய்த்தால் வேலையில்லாத விவசாயக் கூலி. மகன் அனுப்பும் பணம்தான் அவருக்குக் கஞ்சி.

ஆனால் இந்த எதிர்பார்ப்பில் முதலாளிக்கு லாபம் உண்டு. ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியவன் ஒன்றரை ஷிப்டை மறுக்கமாட்டான். இதன் கொடிய உருவத்தைக் கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் கண்டோம். சுமங்கலித் திட்டம் என்று அதற்கு மங்கலப் பெயர் வேறு! மூன்று வருஷம் வேலை செய்தால் கல்யாணத்துக்கு 30 ஆயிரம், 50 ஆயிரம் மொத்தமாகத் தருவார்களாம். வரதட்சணையை 1961-லேயே சட்டம் தடை செய்தது. மாப்பிள்ளை வீட்டார் எதிர்பார்ப்பு நின்றதா? அதையே கயிறாக்கி, விவரம் அறியாத பெண்களை மில் விடுதிக்குள் கட்டினார்கள். அந்தத் தொகை தானமுமல்ல. அவள் கூலியில் பிடித்து வைத்ததே. நோய் வந்து இடையில் வெளியேறிய பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

ஆகவே ஒரு யோசனை. ஊருக்குப் போகும்போது துணிப்பையோடு சம்பளக் கணக்கையும் கொண்டுபோங்கள். சனிக்கிழமைக் கூலி இவ்வளவு, லைன் வீட்டு வாடகை இவ்வளவு, மளிகைக் கடன் இவ்வளவு என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்லுங்கள். இதில் என்ன வெட்கம்? 1984-ல் பஞ்சப்படிக்காகத் திருப்பூரில் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. வீட்டாருக்கு உண்மை நிலை தெரியாமல் ஒரு தொழிலாளி அத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியுமா?

இந்தத் தீபாவளிக்கே ஆரம்பிக்கலாம். கடன் வாங்கிச் சேலை எடுக்கவில்லையென்றால் அக்கா கோபித்துக்கொள்வார். பொங்கலுக்குள் பேசிவிடுவார்.