தாயைக் கேட்டு நிறம் பூசும் பெட்டி

வடக்கனந்தலில் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கோமுகி அணையைப் பார்க்கலாம், கல்வராயன் மலைக் காற்றை இரண்டு நாள் வாங்கலாம் என்று திட்டம். ஆனால் அக்காவின் பெண் என்னை உட்கார வைத்தது கம்ப்யூட்டர் எதிரில்தான்!

"சித்தி, இதைப் பாருங்க. நானே எழுதின புரோகிராம்" என்றாள்.

அவள் அப்பா மனு எழுதித் தரும் கடை வைத்திருக்கிறார். வருகிறவர்களின் பெயரை முதலில் ஒரு பெட்டியில் தட்டுவார்கள். அதிலிருந்துதான் மனுவுக்குப் போகும். ஒரு நாள், மலையிலிருந்து இறங்கி வந்த ஓர் ஆயாவின் பெயரில் ளகரம் லகரமாகிவிட்டது. ஒரே ஓர் எழுத்து! அதற்காக அந்த ஆயா இரண்டு தடவை பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சிக்கு அலைந்தாளாம். தட்டியது யார்? சாட்சாத் இந்தப் பெண்தான்.

"எழுத்து எறும்பு மாதிரி இருந்தது, சித்தி. ஆயாவுக்கும் தெரியல்லே, எனக்கும் தெரியல்லே" என்றாள், தலையைக் குனிந்துகொண்டு.

பெட்டியை மாற்றிவிட்டால் போயிற்று என்கிறீர்களா? அங்கேதான் வேடிக்கை.

விண்டோஸில் 'எடிட்' என்னும் எழுத்துப் பெட்டி ரொம்ப சாது. தன் நிறத்தைத் தானே தீர்மானிக்காது. வரையப்படுவதற்கு முன், அது குடியிருக்கும் தாய்ச் சன்னலுக்கு 'கன்ட்ரோல் கலர் எடிட்' என்று ஒரு செய்தி போகும். தாய் மூன்று காரியம் செய்ய வேண்டும். எழுத்தின் நிறத்தை 'செட் டெக்ஸ்ட் கலர்' மூலம் சொல்ல வேண்டும். எழுத்தின் பின்னணியை 'செட் பி.கே. கலர்' மூலம் சொல்ல வேண்டும். பெட்டி முழுவதும் பூச ஒரு பிரஷ்ஷையும் பதிலாகக் கொடுத்தனுப்ப வேண்டும்.

அந்தப் பிரஷ்ஷை ஒரு தடவை செய்து வைத்துக்கொண்டால் போதும். கேட்கும்போதெல்லாம் புதிதாகச் செய்து, பழையதை அழிக்காமல் விட்டால் ஆபத்து. இம்மாதிரிச் சாமான்கள் ஒரு புரோகிராமுக்கு வழக்கமாக 10,000 வரைதான். அதைத் தாண்டினால் சன்னலே அலங்கோலம். தினம் ஒரு புது விளக்குமாறு வாங்கி மூலையில் சாத்தும் வீடு எப்படி இருக்கும்?

எழுத்தைப் பெரிதாக்க 'செட் ஃபான்ட்' என்று இன்னொரு செய்தி. விண்டோஸ் 2000 காலத்திலிருந்து வருகிற 'லதா' எழுத்துருவை எடுத்தாள். எழுத்து பெரிதாயிற்று, பெட்டி ஆகவில்லை! 'கூ'வுக்கும் 'மூ'வுக்கும் கால் வெட்டுப்பட்டுப் போயிற்று. பெட்டியின் உயரத்தைத் தனியாகக் கூட்டினாள்.

இளமஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து. கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனால் தட்டி முடித்து, ஆயா பார்த்துச் 'சரி' சொல்வதற்காகப் பெட்டியைப் பூட்டிக் காட்டினால், மஞ்சள் போய்ச் சாம்பல் பூத்தது. நன்றாகத் தெரிய வேண்டிய சமயத்திலா இப்படி! காரணம், பூட்டிய பெட்டிக்காகத் தாய்க்கு வருவது 'கன்ட்ரோல் கலர் ஸ்டாட்டிக்' என்ற வேறு செய்தி. அதற்கும் பதில் சொல்லக் கற்றுக் கொடுத்த பிறகுதான் மஞ்சள் நிலைத்தது. இதைக் கண்டுபிடிக்க இரண்டு ராத்திரி தூங்கவில்லையாம்.

மறுநாள் அதே ஆயா வேறொரு மனுவுக்காகக் கடைக்கு வந்தாள். பெண் பயபக்தியோடு பெயரைத் தட்டி, பெட்டியைப் பூட்டி, திரையை அவள் பக்கம் திருப்பினாள். ஆயா கண்ணைச் சுருக்கவில்லை. விரலால் தொட்டு, எழுத்துக் கூட்டி, ளகரத்தில் வந்து நின்றாள்.

"இதான் என் எழுத்து. இப்ப அனுப்பு, கண்ணு!" என்றாள்.

சகோதரிகளே, நீங்களும் எங்கே மனுக் கொடுத்தாலும் சரி, 'ஆச்சு' என்று எழுந்துவிடாதீர்கள். திரையைத் திருப்பச் சொல்லி, லகர ளகர ழகரங்களை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பஸ் சத்தம் மிச்சம்!

கோமுகி அணைக்கு நான் போகவில்லை. அதனால் என்ன, அது எங்கே போய்விடப் போகிறது?