வெளிநாட்டுப் பயணமும் மூட்டை முடிச்சும்

கடல் கடந்து செல்லுதல் முன்னாளில் வணிகர்க்கும், உயர்கல்வி கருதினார்க்கும், தோட்டத் தொழிலுக்கென்று அழைத்துச் செல்லப்பட்ட ஏழை மக்கட்கும் உரியதாயிருந்தது. இந்நாளிலோ எம் தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களிலும் அஃது இயல்பான செய்தியாயிற்று. மகன் துபாயில் இருக்கின்றான். மகள் சிங்கப்பூரில் இருக்கின்றாள். பேரப்பிள்ளையின் முகங்காண வேண்டி, பென்னாகரத்தையும் அரூரையும் விட்டு அதிகம் அகன்றறியாத முதியோர் ஆகாய விமானம் ஏறுகின்றனர். இங்ஙனம் குடும்பத்தோடு செல்வோர் எத்துணை மூட்டைகளைக் கொண்டு செல்லல் தகும் என்பதே யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள். கல்லூரி மலரில் எழுதுதற்கு இஃது ஒரு பொருளோ என்று நகைப்பார் நகுக. பெட்டி தூக்கி இடுப்பு நொந்தவர் நகையார்.

எம் கருத்தை முன்னரே கூறிவிடுகின்றோம். தமக்கு வேண்டியவற்றை ஒவ்வொருவரும் தம் கையில் தாங்கும் ஒரு பையளவில் நிறுத்திக்கொள்ளல் வேண்டும். செல்லும் வீட்டார்க்கென்று கொண்டு செல்வனவற்றைக் குடும்பம் முழுமைக்கும் ஒரே பெட்டியில் அடக்கி, அவ்வொன்றையே விமானத்தாரிடம் ஒப்புவித்தல் வேண்டும். தலைக்கு ஒரு பெட்டி என்னும் வழக்கம் தீது. இம்முடிவிற்கு யாம் நூல்களைக் கற்று வந்தோம் அல்லோம், பட்டு வந்தோம்.

சென்ற கோடை விடுமுறையில் எம் தமக்கையார் சிங்கப்பூரில் ஓர் ஆண்மகவை ஈன்றனர். தந்தையாரும், அன்னையாரும், எம் தம்பியும், யாமும் இருபது நாட்பயணமாக அங்குச் செல்லத் துணிந்தோம். ஆளுக்கு 25 கிலோ வரை பெட்டி கொணரலாம் என்று பயணச்சீட்டில் குறிக்கப்பெற்றிருந்தது. அதைக் கண்ட நாள்தொட்டு எம் இல்லத்தில் ஒரு கணக்குத் தோன்றிற்று: நால்வர்க்கு நூறு கிலோ. “கொடுத்த எடையை வீணாக்குவானேன்?” என்றார் தந்தையார். எல்லாத் துன்பத்திற்கும் வித்து இவ்வொரு வினாவே. விமானத்தார் இதற்குமேற் கொணரற்க என்று விதித்த எல்லையை, இவ்வளவும் கொணர்க என்று இட்ட கட்டளையாக யாம் கொண்டுவிட்டோம்.

நூறு கிலோவை நிரப்புதல் எளிதன்று என்று எண்ணுவார் எம் பாட்டியாரை அறியார். கேழ்வரகு மாவு, கருப்பட்டி, பிள்ளை பெற்றார்க்குரிய மருந்துச் சரக்குகள், பூண்டு, அரிசி வடகம், மாங்காய் ஊறுகாய், இவற்றுக்கெல்லாம் மேலாகப் புளி ஆறு கிலோ. தருமபுரிப் புளியின் பெயர் வாசகர் அறிந்ததே. சிங்கப்பூரிலும் புளி விற்பர், தேக்கா சந்தையிலும் சிராங்கூன் சாலைக் கடைகளிலும் தமிழர் வீட்டுக்கு வேண்டிய மளிகை யாவும் கிடைக்கும் என்று யாம் கூறியபோது, “கடைப்புளி நம் மரத்துப் புளி ஆகுமா?” என்று கேட்டார். அவ்வினாவிற்கு இன்றும் எம்மிடம் விடையில்லை.

நிற்க. எம் மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. அண்மையில் உள்ளது சேலத்தை அடுத்த காமலாபுரத்து நிலையமேயாயினும், அங்கிருந்து அயல்நாட்டு விமானங்கள் புறப்படுவதில்லை. ஆதலின் எம்மவர் பெரும்பாலும் பெங்களூருக்கே செல்வர். அந்நகரின் விமான நிலையமும் 2008-ஆம் ஆண்டுமுதல் நகருக்கு வடக்கே தேவனஹள்ளியில் அமைந்துள்ளது. தருமபுரியினின்று கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பேருந்தில் சென்று, நகருள் இறங்கி, மற்றொரு பேருந்து மாறி, நகரின் மறுகோடியைக் கடந்தே அதனை அடைதல் வேண்டும். விமானத்தில் பறப்பது நாலரை மணி நேரம். அதற்கு முன் மண்ணில் ஊர்வது அதனினும் மிகுதி. பெட்டியின் உண்மையான எடையை விமான நிலையத்துத் தராசு காட்டுவதன்று. இரவு இரண்டு மணிக்குப் பேருந்து நிலையத்தில் காட்டப்படுவதே அது. பேருந்தின் வயிற்றறையினின்று நான்கு பெரும்பெட்டிகளையும் தந்தையாரே இழுத்தெடுத்தனர். எம்மையும் தம்பியையும் தொடவிடவில்லை. மூன்றாவது பெட்டியில் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றதை யாம் கண்டோம். கண்டும் வாளா இருந்தோம்.

நிலையத்தில் ஒரு பெட்டி 34 கிலோ காட்டிற்று. மிகைக் கட்டணம் செலுத்தினும் ஒரு பெட்டி 32 கிலோவிற்கு மேற்படலாகாதாம். பெட்டிகளைத் தூக்கி ஏற்றும் தொழிலாளர் உடல்நலங் கருதிப் பல நாட்டு விமானத்தாரும் கைக்கொள்ளும் விதி அது. தொழிலாளர் இடுப்பின்மேல் உலகத்தார்க்கு இத்துணைக் கருணை இருத்தல் மகிழத்தக்கதே. தந்தையர் இடுப்பிற்கும் ஒரு விதி செய்திருக்கலாம். பெட்டியைத் தரையிற் கிடத்தித் திறந்தோம். பின்னே ஐம்பதுபேர் நிற்க, அன்னையாரின் புடைவைகளும் உள்ளுடைகளும் ஊறுகாய்ப் புட்டிகளும் வெளிப்பட்டன. அயலார்முன் தலைப்பு விலகவும் ஒவ்வாத எம் அன்னையார், முழந்தாளிட்டு அமர்ந்து, முகத்தை நிமிர்த்தாமலே அவற்றைப் பெட்டிக்குப் பெட்டி மாற்றினார். மாற்றிய பின்னும் மொத்தத்தில் எட்டுக் கிலோ மிகுந்தது. அதற்குத் தந்தையார் செலுத்திய கட்டணத்தில் எங்கள் புளியமரம் ஓராண்டு காய்ப்பது முழுவதையும் வாங்கியிருக்கலாம்.

சிங்கப்பூரில் முதற் பத்து நாட்கள் தந்தையார் இடுப்புவலியால் படுத்தே கிடந்தனர். பேரனைக் கையில் ஏந்தும் வேட்கையால் சென்றவர், பிறர் கொணர்ந்து அருகிற் கிடத்தப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தையின் எடை அப்பொழுது மூன்றரைக் கிலோ.

கொண்டு சென்றவற்றுள் எது பயன்பட்டது என்பதையும் கூறல் வேண்டும். மாவும் மருந்தும் பயன்பட்டன. அரிசி வடகத்திற் பாதி நொறுங்கிற்று. ஆறு கிலோ புளியில் ஒரு கிலோ செலவாயிற்று. எஞ்சியது தமக்கையாரின் அண்டை வீட்டார்க்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. எம் நால்வர் உடுப்புகளிற் பாதி பெட்டியைவிட்டு வெளிவரவேயில்லை. துவைக்கும் பொறி அவ்வீட்டிலும் இருந்தது என்பது எமக்கு முன்னரே தோன்றாமற்போனது வியப்பே. ஆனால், பாட்டியார் இறுதியாகச் செருகிய பழைய நூற்புடைவை ஒன்று உண்டு. துவைத்துத் துவைத்து மெத்தென்றாகிவிட்ட அதனை ஏணை கட்டுதற்கென்று கொடுத்திருந்தனர். தமக்கையார் பெட்டியைத் திறந்ததும் அதனைத்தான் எடுத்து முகத்தோடு அணைத்துக்கொண்டனர். இருபது நாளும் குழந்தை அதிலேயே துயின்றது. அதன் எடை அரைக் கிலோவும் இராது.

எம் மாவட்டத்தின் தலைநகர் பண்டைத் தகடூரே என்பது தமிழ் கற்பார் அறிந்ததொன்று. அத்தகடூர்க் கோமான் அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் நீட்டித்தபோது, ஔவையார் வாயிற்காவலனை விளித்துப் பாடிய பாட்டொன்று புறநானூற்றில் 206-ஆவதாக உள்ளது. தம் கருவிகளைத் தோளிலிட்டுப் பையைச் சுருக்கிக்கொண்டு அவர் புறப்பட்டுவிடுகின்றார். (ஆங்குக் ‘கலப்பை’ எனப்படுவது யாழ் முதலிய கலங்களை இட்ட பை, முதலாண்டில் யாம் அதனை ஏர்க்கலப்பை என்று எழுதி ஆசிரியரிடம் நகைக்கப்பட்டதுண்டு.) காடு செல்லும் தச்சச் சிறுவர்க்கு மழு ஒன்று போதும், மரம் காட்டிலேயே கிடைக்கும் என்பது அவர் காட்டும் உவமை. எங்குச் செல்லினும் அங்குச் சோறு உண்டு என்பது அவர் துணிபு. பெட்டியை நிறைப்பது பெரும்பாலும் தேவையன்று, அங்கே கிடையாது என்னும் அச்சமே என்பதை யாம் அப்பாட்டினின்று உணர்கின்றோம். பவுல் அப்போஸ்தலரும் துரோவாவில் விட்டுவந்த பொருள்களுள் ஒரு மேலங்கியையும் புத்தகங்களையும், சிறப்பாகத் தோற்சுருள்களையும் மட்டுமே கொண்டுவரும்படி தீமோத்தேயுவுக்கு எழுதினார். அத்துணைத் தொலைவு திரிந்த ஒருவர்க்கு இன்றியமையாதனவாய்த் தோன்றியவை அவ்வளவே.

எனினும், விமானத்தாரிடம் ஒன்றையும் ஒப்புவியாது கைப்பையோடு செல்வதே நாகரிகம் என்னும் எம் நண்பர் சிலரோடும் யாம் உடன்படோம். பல விமானங்களிற் கைப்பைக்கு இசையும் எடை 7 கிலோ. உருளை பூட்டிய வெறும்பையே அதில் இரண்டு கிலோவிற்கு மேல் உண்டுவிடும். 2006-ஆம் ஆண்டில் இலண்டனினின்று புறப்படும் விமானங்களை நீர்ம வெடிமருந்தால் தகர்க்கும் சூழ்ச்சி வெளிப்பட்டதன் பின், கைப்பையில் எண்ணெய் முதலிய நீர்மங்களை 100 மில்லி லிட்டருக்கு மேற்பட்ட புட்டியில் கொண்டு செல்லுதல் உலகின் பெரும்பகுதியில் தடுக்கப்பட்டது. நல்லெண்ணெயும் ஊறுகாயும் அவ்வளவில் அடங்குமோ? தனித்துத் திரியும் இளைஞன் ஒருவன் பல்துலக்கியும் இரண்டு சட்டையுமாய்ச் செல்லலாம். பிள்ளை பெற்ற வீட்டிற்கு வெறுங்கையோடு செல்லுதல் தமிழர் மரபன்று. அங்ஙனம் செல்லுதலை எளிமை என்பதினும் சோம்பல் என்பது பொருந்தும். அன்றியும், சுமையின்றிச் செல்வதாகப் பெருமை பேசுவார் சிலர், சென்றவிடத்தே துண்டும் சீப்பும் குடையும் பிறரிடம் இரவல் கேட்பதை யாம் கண்டுள்ளோம். அவர் சுமையைப் பிறர் சுமந்தனர் என்பதன்றி வேறென்?

ஒப்புவித்த பெட்டி உடன் வாராமற்போதலும் உண்டு. விமானத்துறைக்குத் தொழில்நுட்பம் வழங்கும் சீட்டா நிறுவனம் வெளியிடும் அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஆயிரம் பயணிகட்கு 7.6 பெட்டிகள் காலந்தாழ்ந்தோ சிதைந்தோ தொலைந்தோ போயின. 2023-இல் அது 6.9 ஆகக் குறைந்தது. 1999-ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியாவும் 2009-இல் சேர்ந்துள்ளது. வரவேண்டிய நாளினின்று 21 நாட்கள் கழிந்தும் வாராத பெட்டிக்குத் தொலைந்ததாகவே கொண்டு இழப்பீடு கோரலாம் என்பது அதன் விதி. எம் பயணமோ இருபது நாள். பெட்டி தொலைந்தது என்று முடிவாகுமுன் யாம் ஊர் திரும்பியிருப்போம். ஆதலின் மருந்து, சான்றிதழ், கண்ணாடி, ஒரு மாற்றுடை ஆகியன கைப்பையிலேயே இருத்தல் வேண்டும். இதில் யாம் எவர்க்கும் இணங்கோம். இன்னதை இன்ன நாட்டிற்குக் கொண்டு செல்லலாகாது என்பதையும் முன்னரே வினவியறிதல் நன்று. குருமாவிற்கு அரைக்கும் கசகசாவைக் கொண்டு துபாயில் இறங்குதல் குற்றமாகும் என்பதை எம் ஊரார் எத்துணைப்பேர் அறிவர்?

வளைகுடா நாடுகளில் ஈராண்டு மூவாண்டு உழைத்து, கயிற்றாற் கட்டிய அட்டைப்பெட்டிமேல் பெயரும் ஊரும் பெரிதாய் எழுதித் திரும்புவாரை நோக்கி யாம் இதனை எழுதவில்லை. அவர்தம் பெட்டியே அவர்தம் ஊதியம். அதில் ஒரு கிலோவையும் குறைக்கச் சொல்லுதற்கு எமக்கு உரிமையில்லை. பார்த்து மீள்வதற்குச் செல்லும் எம்போலியர் செய்தி வேறு.

செல்லும்போது சுருக்கிக்கொள்ளுதலினும் மீளும்போது சுருக்கிக்கொள்ளுதல் அரிது. கோடாலித் தைலம் கேளாத உறவினர் உளரோ? மிட்டாயும் வாசனைப் புட்டியும் எதிர்பாராத தெருவும் உண்டோ? இதற்குத் தைலமே நல்வழி என்பது எம் துணிபு. சிறிய புட்டி, வீட்டிற்கொன்று கொடுக்கலாம், நெடுநாள் நிற்கும்.

மனிதன் நிலவில் கால்வைத்தது 1969-இல். பெட்டிக்குக் கீழே உருளை பூட்டலாம் என்னும் கருத்திற்குப் பெர்னார்டு சாடோ என்பார் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1972-இல். சந்திரனுக்குச் செல்லும் வழி கண்டபின்னரே பெட்டியை உருட்டும் வழி பரவியது என்பது விந்தையே. உருளை வந்தபின் பெட்டிகள் பெருத்தன என்பது எம் ஐயம். தூக்கவேண்டியிருந்த காலத்தில் தோளே தராசாயிருந்தது. உருட்டுவார்க்குப் படிக்கட்டு வரும்வரை எடை தெரிவதில்லை.

வருகின்ற கோடையில் எம் பெற்றோர் மீண்டும் சிங்கப்பூர் செல்லவிருக்கின்றனர். குழந்தை இப்பொழுது எட்டுக் கிலோவிற்கு மேலாம். தந்தையார் பெட்டியைத் தொங்கவிட்டு நிறுக்கும் கைத்தராசு ஒன்று வாங்கி வந்து கதவருகே மாட்டியுள்ளார். இம்முறை பெட்டி ஒன்றே என்பதும், அது 20 கிலோவைத் தாண்டலாகாது என்பதும் இல்லத்தில் முடிவாயின. புளி ஒரு கிலோ என்று அன்னையார் கூறினார். பாட்டியார் மறுமொழி கூறாமல், முற்றத்தில் உலர்ந்த புளியைக் கொட்டை நீக்கிக்கொண்டிருந்தார். கொட்டையும் கோதும் போக்கினால் எடை எவ்வளவு குறையும் என்று நேற்று எம்மிடம் மெல்ல வினவினார்.