பட்டறை மட்டும் போதுமா?



அமெரிக்க லத்தீனோ கல்லூரி மாணவர்களின் தலைமைப் பண்பு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை பயிற்சிப் பட்டறைகளோடு நின்றுவிட்டது. ஆனால் 1963இல் கலிஃபோர்னியாவின் மாலிபுவில் ஒரு முகாமில் மெக்சிகோ வம்சாவளி மாணவர்களுக்கான தலைமைப் பயிற்சி தொடங்கியது. அதில் பங்கெடுத்தவர்கள் சிலர் 1968இல் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி வெளிநடப்பில் முன்னின்றார்கள். பள்ளி ஆசிரியர் சால் காஸ்ட்ரோ கூடவே நின்று கைதானார். மறு ஆண்டு சாந்தா பார்பராவில் கல்லூரி மாணவர்கள் பேராசிரியர்களோடு உட்கார்ந்து சிகானோ (மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்) படிப்புகளுக்கான திட்டத்தையே எழுதினார்கள்.

இன்றைய லத்தீனோ மாணவர்களில் பலரும் சிறுவயதிலேயே ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கும் டாக்டருக்கும் நடுவில் நின்று ஸ்பானிஷில் விளக்கிச் சொன்ன பிள்ளைகள். அவர்களுக்குப் போய் தன்னம்பிக்கை வகுப்பா? அதுவும் மாலை நேரத்தில் வைத்தால், கடையில் ஷிப்ட் பார்க்கிற பிள்ளை எப்படி வரும்? கல்லூரிக் குழுக்களில் வாக்குரிமையோடு இடமும், அந்த வேலைக்குச் சம்பளமும் கொடுக்கட்டும்.

- ஒரு வாசகர், திருச்சி